ஏழுமலையின் மூணு நாள்

ஒரு வெள்ளைப் பலகையும் மூன்று நிறக் காந்தமும் இருந்தால் பதினோரு பேரை நேரத்துக்கு வேலை செய்ய வைத்துவிடலாம் என்று நான் நம்பினேன். வெட்கத்தை விட்டு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். பலகையில் பச்சை இருந்தால் கழனியிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன்.

இந்தத் தொடரைப் போன வாரம் வரை படித்தவர்களுக்கு என் புத்தியின் அளவு தெரியும். அவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்காக மட்டும் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது தொழில். கரும்புக்கும் மரவள்ளிக்கும் வேரோரமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வைக்கிற வேலை.

பலகை வந்த அன்று காலை அதை மாட்ட நானே டிரில்லைக் கையில் எடுத்தேன். குழாய் வேலை தெரிந்தவர்கள் ஒன்பது பேர் அங்கேயே டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். சுவருக்குள் எங்கே குழாய் ஓடுகிறது என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். முதலாளி கேட்பாரா? இரண்டாவது ஓட்டையிலேயே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

நான் "ஐயோ, கரண்ட்டு, கரண்ட்டு" என்று கத்தினேன். வந்தது தண்ணீர். கத்தியது கரண்ட்டு என்று. என் பதட்டத்தின் தரம் அப்படி.

ஏழுமலை முக்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னான். "பரவால்ல வுடு மொதலாளி. தண்ணி வுடற கடதான? எங்கனா ஒரு எடத்துல வரணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் அவன் எழுந்து, டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே பின்பக்கம் போய் வால்வை மூடிவிட்டு வந்தான். கடைக்குள்ளும் வெறுங்கால்தான். ஈரத் தரையைத் தாண்டி உலர்ந்த சிமெண்டில் நடந்தபோது பாதம் பாதமாகப் பதிந்தது. அகலமான பாதம். பெருவிரல் மற்ற விரல்களோடு சண்டை போட்டுக்கொண்டது போலத் தள்ளி நிற்கும்.

அந்தத் தடத்தை இத்தனை நாள் கழித்து நான் எழுதுகிறேன். அன்றைக்குத் துடைப்பத்தை எடுத்துத் துடைத்துவிட்டோம்.

இரண்டு பேர், ஒரு வண்டி

முதலில் நாங்கள் இரண்டே பேர். நான் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவன். ஏழுமலை கச்சிராயபாளையம் பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். இருவருக்கும் ஒரே வயசு. ஒரு பழைய மோட்டார் சைக்கிள். முன்னால் நான், பின்னால் அவன், அவன் தோளில் மாலை மாதிரி கறுப்பு டியூபு. கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று நான் சொல்வேன். "பொண்ணு எங்கடா?" என்று அவன் கேட்பான். தினமும் இதே ஜோக். தினமும் சிரித்தோம்.

எந்தக் கழனிக்குப் போனாலும் அவன் முதலில் செய்வது ஒன்றுதான். வண்டியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்போரமாக முழுசாக ஒரு சுற்று நடப்பான். நான் பேப்பரில் அளவு எழுதிக்கொண்டு நிற்பேன்.

"செருப்பு போட்டுக்கினு நடந்தா மண்ணு இன்னா சொல்லுதுன்னு தெரியாதுபா" என்பான்.

"என்கிட்ட ஒன்னும் சொல்ல மாட்டேங்குதே."

"நீ பேசிக்கினே இருந்தா அது எப்ப சொல்லும்?"

சுற்றி வந்ததும் விவசாயி கேட்பார். "எத்தினி நாளு ஆவும் ஏழுமல?"

"மூணு நாளு."

ஒரு ஏக்கர் சமநிலமா, மூணு நாளு. நாலு ஏக்கர் மேடு பள்ளமா, மூணு நாளு. மலையோரம் பாறை கிடக்கிற கொல்லையா, அதற்கும் மூணு நாளு. நான் திரும்பி வருகிற வழியெல்லாம் திட்டுவேன். "ஏன்யா, இது எப்படியும் ஒரு வாரம் இழுக்கும். எதுக்கு மூணு நாளுன்ன?"

"ஒரு வாரம்னா அவருக்கு யோசன வந்துடும். மூணு நாளுன்னா தெம்பா இருப்பாரு. நாலாவது நாளு நாம அங்கதான இருக்கப் போறோம்? நேருல பாத்துக்கினு இருக்கறவன் மேல யாருக்குய்யா கோவம் வரும்?"

அவன் சொன்னது சரிதான். ஒருவர்கூடக் கோபப்பட்டதில்லை. சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழுமலை மூணு நாள் என்றால் நாள் எண்ணக் கூடாது. பாதியில் போட்டுவிட்டு ஓட மாட்டான் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் நாள், ஆறாம் நாள், கடைசிச் செடிக்குச் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைத் தேடுவான்.

சாம்பார் வந்த நாள்

இரண்டு பேர் பதினோரு பேர் ஆனது எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. வேலை வந்தது, ஆள் சேர்த்தோம். ஆள் இருக்கிறார்கள் என்று இன்னும் வேலை வாங்கினோம். அப்புறம் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கடவுளுக்கும் டீக்கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்தது.

ஒருநாள் இரண்டு குழுவும் ஒரே கழனிக்குப் போய்விட்டது. ஒரு குழு கிழக்கே ஆரம்பித்தது, ஒரு குழு மேற்கே. நடுவில் வந்து சேர்ந்தபோது இரண்டு மெயின் குழாயும் நாலடி தள்ளி, ஒன்றையொன்று பார்க்காத சம்பந்திகள் மாதிரி நின்றன.

அதே நாளில் எலவனாசூர்கோட்டை பக்கத்தில் ஒரு விவசாயி ஆள் வருவார்கள் என்று காத்திருந்தார். வேலைக்கு வருகிறவர்களுக்கு மதியச் சோறு கழனிக்காரர் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆறு பேருக்கு ஆக்கி வைத்திருந்தார். யாரும் போகவில்லை. ஒரு மணிக்கு மொபட்டில் முன்னால் சோற்றுக் குண்டான், பின்னால் சாம்பார்ப் பாத்திரம் கட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க வரலல்ல. அதான் நானே எடுத்தாந்துட்டேன். சாப்புடுங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். கத்தரிக்காய் சாம்பார். அவமானத்தோடு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலையே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். குழுவை நிர்வகிப்பது எப்படி, நேரத்தை நிர்வகிப்பது எப்படி. கோட்டுப் போட்ட ஒருவர் கண் சிமிட்டாமல் பேசினார். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் நாள் குறி. எல்லோர் கண்ணிலும் படும்படி எழுது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு, கேட்டுக்கொண்டிருந்த ஆளிடம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

பலகையைப் பார்த்துக்கொள்ள தேன்மொழி வந்தாள். டிப்ளமா படித்த பெண். எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை, அதன்மேல் ஒரு காந்தம். நடந்துகொண்டிருந்தால் மஞ்சள். முடிந்தால் பச்சை. சிக்கிக்கொண்டால் சிவப்பு.

முதல் சிவப்பு வந்த அன்று நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வால்வு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நான் அந்தக் குழுவுக்குப் பதினாலு தரம் போன் செய்தேன். பதினைந்தாவது தரம் அடிக்க வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் பக்கத்துக் கடைக்காரர் செருப்பு. கழனியில் நின்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலையைக் கைநீட்டிக் காட்டி "இதப் பண்ணு, இதப் பண்ணு" என்று சொன்னேன். பள்ளத்துக்குக் குறுக்கே நின்றதால் மூன்று பேர் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இப்படி நாலு சிவப்பு. அதற்கப்புறம் சிவப்பே வரவில்லை.

இரண்டு மாசம் பலகையில் பச்சையும் மஞ்சளும்தான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பலகையைக் காட்டினேன். என் குழு திருந்திவிட்டது என்றேன். குழு தேன்மொழியிடம் சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். "மஞ்சளே போடுக்கா. செவப்பப் பாத்தா அவரு வந்துடுவாரு."

பலகைக்கு இன்னொரு குணமும் இருந்தது. ஏழுமலை "மூணு நாளு" என்றால் தேன்மொழி மூன்று கட்டம் ஒதுக்கினாள். அவளுக்கு அவன் பாஷை தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் நாலாவது நாள் காலையில் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "எங்கய்யா, மூணு நாளுன்னியே" என்று அவனையே கேட்க ஆரம்பித்தேன்.

முதல் தரம் கேட்டபோது அவன் "நீயுமா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இருபத்தைந்தாம் தேதி

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்கள் மரவள்ளிக் கொல்லைகளுக்குக் குழாய் கேட்டார்கள். எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய வேலை. நானும் ஏழுமலையும் ஜீப்பில் போனோம். ஊர்க் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் பொன்னுசாமி. அமைதியான மனுஷர். குழாய் எத்தனை வருஷம் தாங்கும், எலி கடித்தால் என்ன செய்வது என்று இரண்டு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அப்புறம் யாரும் பேசவில்லை.

மலையில் பேச்சுக்கு நடுவே இப்படி ஒரு அமைதி வரும். அவர்களுக்கு அது சகஜம். எனக்கு அமைதி ஆகாது. யாரோ எதையோ கேட்டுவிட்டது போலவும் நான் பதில் சொல்லாமல் இருப்பது போலவும் தோன்றிவிட்டது.

"வர்ற இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள முடிச்சிடுவோம்ங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இறங்கும்போது ஜீப்பில் ஏழுமலை சொன்னான். "மூணு நாளுன்னு சொல்லி இருக்கலாம்."

அந்த வாரம்தான் அவன் லீவு கேட்டான். தேன்மொழி அட்டையில் அழகாக எழுதியிருந்தாள்: ஏழுமலை அண்ணா, லீவு, 3 நாள். கீழே வருகிற திங்கட்கிழமையின் தேதி.

"எதுக்குய்யா லீவு?"

"பெரிய ஆஸ்பத்திரில காட்டணும். சக்கர ஜாஸ்தியா இருக்குதாம்."

"அது பத்து வருஷமா ஜாஸ்தியாத்தான் இருக்குது. மலைவேல ஓடுது. அடுத்த திங்கக்கெழம போயேன்."

"சரி வுடு."

நான் அட்டையை எடுத்துத் தேதியை அடித்து, அடுத்த திங்கட்கிழமையின் தேதியை எழுதினேன். காந்தத்தை ஏழு கட்டம் தள்ளி வைத்தேன். க்ளிக் என்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

எலி தேடியது

ஏழுமலை ஷூ போட ஆரம்பித்தது அப்போதுதான். நீலக் கேன்வாஸ் ஷூ, உள்ளே சாக்ஸ். வாழ்நாளில் கழனிக்குச் செருப்போடு இறங்காதவன்.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றேன். பையன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"மலையில முள்ளு ஜாஸ்தி மொதலாளி."

கழனியைச் சுற்றி நடப்பதையும் நிறுத்திவிட்டான். ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, நடக்க வேறு ஆளை அனுப்பினான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள் என்று கோட்டுக்காரர் வீடியோவில் சொல்லியிருந்தார். பரவாயில்லை, ஏழுமலையும் நிர்வாகம் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன்.

இரண்டாவது திங்கட்கிழமை வந்தது. மலையில் ஐந்து கொல்லை பாக்கி. தேதியை அடித்தேன். "சரி வுடு" என்றான்.

மூன்றாவது வாரம், மலை ஏறும்போது ஜீப்பில் ஒரு நாற்றம். வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் குப்பென்று வரும். எலி செத்துக் கிடக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். டியூபு உருளைகள், பில்டர், சாக்கு, சீட்டு. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். நான் ரோட்டில் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

ஏழுமலையும் தேடினான். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க இல்லபா. அந்தாண்ட பாருங்க" என்றான்.

எலி கிடைக்கவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சியில் எலுமிச்சை வாசனை பாட்டில் ஒன்று வாங்கி ஜீப் கண்ணாடியில் தொங்கவிட்டேன். ஏறும்போது அவனிடம் கேட்டேன். "இப்ப கம்மியா இருக்குதுல்ல?"

"கம்மியாத்தான் இருக்குது."

அவன் அன்றைக்குப் பின்சீட்டில், கதவோரமாக, காலை வெளிப்பக்கம் நீட்டி உட்கார்ந்துகொண்டு வந்தான்.

மூன்றாவது திங்கட்கிழமையையும் அடித்தேன். அந்தத் தடவை அட்டையில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். எழுதிய தேதி இருபத்தைந்து.

இருபத்துநாலாம் தேதி பன்னிரண்டாவது கொல்லையில் கடைசி டியூபை மாட்டினார்கள். ஏழுமலை கல்லில் உட்கார்ந்தபடியே போன் செய்தான். "பச்ச போடச் சொல்லு மொதலாளி." நானே போட்டேன். பன்னிரண்டு பச்சை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாலாவது நாள்

இருபத்தைந்தாம் தேதி அவன் லீவில் போனான். மூன்று கட்டம்.

நாலாவது நாள் காலையில் அவனைக் காணோம். மூன்று கழனிகள் காத்திருந்தன. ஒன்பது தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அப்புறம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். அதில் என்ன பேசினேன் என்பது என் போனில் இன்னும் இருக்கிறது. இங்கே முழுசாக எழுத மாட்டேன். "மூணு நாளுன்னு போன ஆளு எங்கய்யா கீற? ஆஸ்பத்திரில நர்சு கையால டிபன் சாப்ட்டுக்கினு கீறியா? இங்க என் மானம் கப்பலேறிக்கினு கீது" என்று ஆரம்பிக்கும். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடும். நடுவில் நானே என் ஜோக்குக்குச் சிரித்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. அவன் மனைவி அஞ்சலை.

"அண்ணா, அவரு தூங்கிக்கினு இருக்காரு. நேத்து கால எடுத்துட்டாங்க."

நான் "எங்க எடுத்தாங்க?" என்று கேட்டேன். சாமானை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்கள் என்பது போல. அஞ்சலை பொறுமையாகத் திரும்பச் சொன்னாள்.

"எடது காலு. முட்டிக்குக் கீழ."

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் தடவையாக எனக்குப் பதட்டம் வரவில்லை. யாருக்கும் போன் அடிக்கவில்லை, எழுந்து ஓடவில்லை. பதட்டம் என்பது இன்னும் ஏதாவது செய்யலாம் என்கிறபோது வருவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்க அனுப்புன பேச்ச காலையில கேட்டாருங்கண்ணா" என்றாள் அஞ்சலை. "சிரிச்சாரு. அப்புறம்தான் தூங்கனாரு."

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் கால் முழுசுக்கும் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் பாதியில் படுத்துவிட்டது. வாழ்க்கையில் எனக்கு ஜோக் வராத இடம் அது ஒன்றுதான்.

அவனே ஆரம்பித்தான். "இன்னா மொதலாளி, இப்ப இன்னா கலரு?"

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் சாத்துக்குடி உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் அஞ்சலை விவரம் சொன்னாள். அவன் லீவு கேட்பதற்கு முன்னால், கச்சிராயபாளையத்தில் வெட்டி முடித்த கரும்புக் கொல்லையில் நடந்தபோது அடிக்கட்டை உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்துப்போனதால் அவனுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்தவள் அஞ்சலைதான்.

"மொதல்லயே வந்திருந்தா ரெண்டு வெரலோட போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் தேன்மொழி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சார். கட்டு மாத்தும்போது ஒருநாள் பாத்துட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"அண்ணாதான் சொல்லக் கூடாதுன்னாரு. 'அவரு கேட்டா ரெண்டு நாளு சாப்புட மாட்டாரு. மலைக்கி வேற ஆளும் கெடையாது. பாவம், வுடு'ன்னாரு." என்றாள். "ஒங்களப் பாத்தாதான் சார் எல்லாருக்கும் பயம். கோவத்துக்கு இல்ல. நீங்க படற பாட்டப் பாத்து."

பலகை இப்போது

அந்தப் பலகை இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. ஓட்டை போட்ட இடத்தில் சிமெண்ட் பூசிய தழும்பு தெரியும். ஆனால் காந்தம் நகர்த்துகிற உரிமை எனக்குக் கிடையாது. தேன்மொழி பறித்துக்கொண்டாள்.

அவள் போட்ட விதிகள் கோட்டுக்காரர் வீடியோவில் இல்லாதவை. மாசம் பிறந்ததும் பலகையில் முதலில் எழுதுவது யார் யாருக்கு என்றைக்கு லீவு என்பது. அதை அழியாத மையில் எழுதுவாள். வேலைகள் மிச்சக் கட்டங்களில்தான். ஒரு குழு ஒரு கழனியை முடிக்காமல் இன்னொன்றில் கால் வைக்கக் கூடாது. சாயங்காலம் எல்லோரும் வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கி எது ஆவல?" அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நான் நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது பலகையில் தினமும் இரண்டு மூன்று சிவப்பு இருக்கிறது. வேலைகள் ஏறக்குறையச் சொன்ன நாளில் முடிகின்றன.

ஏழுமலை சில மாசம் கழித்து வந்தான். செயற்கைக் கால் வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் மேஜை போட்டுக்கொண்டு விவசாயிகளிடம் போனில் பேசுகிறான். எத்தனை நாள் என்று கேட்கிறவர்களிடம் இன்னும் "மூணு நாளு" என்றுதான் சொல்கிறான். தேன்மொழி தலையைத் திருப்பாமலே ஆறு கட்டம் ஒதுக்குகிறாள். கழனியிலிருந்து பையன்கள் போன் செய்தால் மண் எப்படி இருக்கிறது என்று விலாவாரியாகக் கேட்பான். கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வான். "செருப்ப மட்டும் கழட்டிடாதீங்கடா."

என்மேல் அவனுக்குக் கோபம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறவன் மேல் கோபம் வராது என்று சொன்னவன் அவன்தான். அது உண்மையா என்று சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. தினமும் நேரத்துக்குக் கடைக்கு வந்து அவன் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.

லீவு அட்டை என் பர்ஸில் இருக்கிறது. நாலு தேதி, மூன்று அடித்தல். அடித்தது எல்லாம் என் கையெழுத்து.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் நான் மட்டும் மலைக்குப் போனேன். ஜீப்பில் எலுமிச்சை பாட்டில் ஆடிக்கொண்டே வந்தது. பொன்னுசாமி கொல்லையில் குழாய்கள் போட்டது போட்டபடி, வால்வு மூடியபடி கிடந்தன. ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்டேன்.

"மழ முடிஞ்சிதான்ங்க மரவள்ளிக் கரணை நடுவோம். இப்ப எதுக்குத் தண்ணி?" என்றார் அவர்.

"அப்ப இருபத்தஞ்சாம் தேதி?"

"அது நீங்களா சொன்னதுதான்ங்க. எதுக்கோ சொல்றீங்கன்னு சும்மா இருந்துட்டோம்."

அந்தப் பன்னிரண்டு கொல்லைகளில் வால்வைத் திறந்தது அந்த இருபத்தைந்தாம் தேதிக்கு நாற்பது நாள் கழித்து.